விவசாய மானியப் பட்டியலை ஊர்ச் சுவரில் ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விவசாயிகளுக்கு அரசு கொடுக்கிற பணம் யார் யாருக்குப் போகிறது என்பதை அந்தந்த ஊர்க்காரர்கள் பார்க்கும்படி வைக்க வேண்டும், அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம். புதிதாக எந்தச் சலுகையும் கேட்கவில்லை. சட்டத்தில் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைச் செய்யுங்கள் என்றுதான் கேட்கிறேன். நான் கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்காரன். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் மரவள்ளி, கிணற்றில் தண்ணீர் நின்றால் ஒரு போகம் நெல். நிலமுள்ள விவசாயிக்கு மத்திய அரசு வருஷத்துக்கு 6,000 ரூபாயை 2,000 ரூபாய்த் தவணைகளாகக் கொடுக்கிற பி.எம். கிசான் பணம் எனக்கும் வருகிறது. என் பெயரையும் சேர்த்துத்தான் போடச் சொல்கிறேன்.

எங்கள் மாவட்டத்தின் பெயரைச் சொன்னதும் சிலருக்கு 2020-ல் நடந்தது ஞாபகம் வரும். கொரோனா ஊரடங்கில் ஊரே வீட்டுக்குள் கிடந்த அந்த மாதங்களில், கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை, சேலம், தருமபுரி என்று 13 மாவட்டங்களில் லட்சக்கணக்கான பேர் பி.எம். கிசான் பட்டியலுக்குள் நுழைக்கப்பட்டார்கள். அதில் நிறையப் பேர் ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதவர்கள். தகுதியில்லாதவர்கள் சுமார் ஐந்தரை லட்சம் பேர், போன பணம் 110 கோடி ரூபாய் என்று அப்போதைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடியே பத்திரிகையாளர்களிடம் சொன்னார். அதிகாரிகளின் பாஸ்வேர்டு புரோக்கர்கள் கைக்கும் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் போயிருந்தது. 80 ஒப்பந்த ஊழியர்களை வேலையை விட்டு நீக்கினார்கள், 34 பேர் மீது துறை நடவடிக்கை, சிபிசிஐடி விசாரணை, கைது என்று கொஞ்ச நாள் பரபரப்பாக இருந்தது, அப்புறம் அடங்கிவிட்டது.

எனக்கு அதில் இன்னமும் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பல ஊர்களில் அந்த ஜனங்களிடம் இது விவசாயப் பணம் என்றே சொல்லவில்லை. கொரோனா நிவாரணம் வருகிறது, ஆதாரையும் பாஸ்புக்கையும் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். வேலையில்லாமல் வீட்டில் இருந்த கூலிக்காரப் பெண்கள் நம்பிக் கொடுத்தார்கள். பணம் வந்தது, அதில் கமிஷன் போக மீதியை அரிசி பருப்புக்குச் செலவு செய்தார்கள். அப்புறம் அதிகாரிகள் வந்து, நீ வாங்கியது தவறு, பணத்தைத் திருப்பிக் கட்டு என்று அவர்கள் வீட்டு வாசலில் நின்றார்கள். பாஸ்வேர்டைக் கைமாற்றிவிட்டவர்கள் வாசலில் யாரும் அப்படி நின்று நான் பார்க்கவில்லை.

அந்த மே மாதத்திலேயே எங்கள் ரேஷன் கடைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னார், இன்னார் மனைவி, இத்தனை ஏக்கர் நிலத்துக்கு 2,000 ரூபாய் என்று அதில் எழுதியிருக்கிறது. சர்க்கரை வாங்க வந்த முதல் ஆளே, இந்தம்மாவுக்கு எங்கே நிலம் இருக்கிறது என்று கேட்டிருப்பார். அந்தம்மாவே கேட்டிருப்பார், எனக்கு ஏது நிலம் என்று. ஒரே நாளில் தெரிந்திருக்க வேண்டியது ஆகஸ்டில் புகார் கிளம்பிய பிறகுதான் மேலே இருப்பவர்களுக்குத் தெரிந்தது. யார் வயல் எங்கே இருக்கிறது, யார் வெளியூரில் இருக்கிறார், யார் செத்துப் போனார் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். சென்னையில் இருக்கிற கணினிக்கும் டெல்லியில் இருக்கிற கணினிக்கும் அது தெரியாது.

பி.எம். கிசான் இணையதளத்தில் பயனாளிகள் பட்டியல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, மறுக்கவில்லை. மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று ஒவ்வொன்றாகத் தேர்வு செய்தால் பட்டியல் வருகிறது. பெயர் இருக்கும், பக்கத்தில் ஆணா பெண்ணா என்று இருக்கும். அவ்வளவுதான். அப்பா பெயர் இல்லை, எவ்வளவு நிலம் என்று இல்லை, இதுவரை எத்தனை தவணை போனது என்றும் இல்லை. எங்கள் ஊர்ப் பட்டியலை என் மகனை வைத்து எடுத்துப் பார்த்தேன். முருகன் என்றே பல பேர், பாதிப் பேருக்கு இனிஷியல் கிடையாது, எல்லாம் ஆங்கில எழுத்தில், சில பெயர்களை இரண்டு மூன்று விதமாக வாசித்துப் பார்த்தும் யாரென்று பிடிபடவில்லை. எங்கள் ஊரில் ஏழுமலைகளும் முருகன்களும் தெருவுக்கு ஒருவர் உண்டு. அப்பா பெயர் இல்லாமல் ஒரு பட்டியலைப் போட்டால் அதை வைத்துக்கொண்டு ஊர்க்காரர் யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

சட்டத்துக்கு வருகிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. அதில் 4-வது பிரிவு, யாரும் மனு போடாமலேயே ஒவ்வொரு அரசு அலுவலகமும் தானாக வெளியிட வேண்டிய விஷயங்களைச் சொல்கிறது. அந்த வரிசையில் 12-வதாக இருப்பதே மானியத் திட்டங்கள்தான். திட்டம் எப்படி நடக்கிறது, எவ்வளவு ஒதுக்கினார்கள், பயனாளிகள் யார் என்ற விவரம் எல்லாவற்றையும் வெளியிட வேண்டும் என்று தெளிவாக இருக்கிறது. தமிழ்நாடு 1997-லேயே தனக்கென்று ஒரு தகவல் உரிமைச் சட்டம் கொண்டுவந்த மாநிலம், இந்தியாவிலேயே முதலாவதாக. அப்படிப்பட்ட மாநிலத்தில், 2005 சட்டம் வந்து இருபது வருஷம் கழித்தும் இதைக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டியிருக்கிறது.

நானும் மனு போட்டுப் பார்த்தேன். எங்கள் பஞ்சாயத்தில் சொட்டுநீர் மானியமும் பவர் டில்லர் மானியமும் வாங்கியவர்கள் பட்டியல் வேண்டும் என்று ஒரு அலுவலகத்தில் கேட்டேன். இது மூன்றாம் நபரின் தனிப்பட்ட தகவல், தர இயலாது என்று பதில் வந்தது. ஒருவருடைய வியாதியையோ குடும்பச் சண்டையையோ நான் கேட்கவில்லை. அரசு கஜானாவில் இருந்து போன பணம் யாருக்குப் போனது என்று கேட்டேன். இந்தப் பதில் இனிமேல் இன்னும் சுலபமாக வரும் என்பதுதான் என் பயம். 2023-ல் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னுடைய 44-வது பிரிவின் வழியாக, தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றி எழுதுகிறது. முன்பு அந்தப் பிரிவிலேயே பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம் என்ற வாசகம் இருந்தது, நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலை மக்களுக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. இரண்டையும் எடுத்துவிட்டு, தனிப்பட்ட தகவல் என்றால் தர வேண்டாம் என்று சுருக்கிவிட்டார்கள். ஆனால் 4-வது பிரிவை யாரும் தொடவில்லை, பொதுநலனுக்காக வெளியிடலாம் என்கிற 8(2) பிரிவும் அப்படியேதான் இருக்கிறது. இதை அலுவலகங்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். தலைமைச் செயலகத்தில் இருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும்.

தனியுரிமை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது யாருக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். நூறு நாள் வேலைக்குப் போன கூலிக்காரர்களுடைய பெயர், ஜாப் கார்டு எண், எந்த வேலை, எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் எல்லாம் இணையத்தில் உலகமே பார்க்கும்படி வைத்தார்கள். 2005-ல் அந்த நூறு நாள் வேலைச் சட்டம் எழுதும்போதே கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும், அதாவது ஊர்க்காரர்களே கணக்கைச் சரிபார்க்க வேண்டும் என்று 17-வது பிரிவில் வைத்தார்கள். நல்லதுதான். ஆனால் 2025-ல் 336 ரூபாய் கூலி வாங்கிய அம்மாவின் கணக்கு ஊருக்கெல்லாம் தெரியலாம், லட்ச ரூபாய்க்குமேல் மானியத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டவர் பெயர் மட்டும் தனிப்பட்ட தகவலா? இதற்கு எந்த அதிகாரியாவது எனக்குப் புரியும்படி பதில் சொல்லட்டும்.

சொட்டுநீர் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பி.எம். கிசான் 6,000 ரூபாயைத்தான் எல்லோரும் பேசுகிறோம், பெரிய பணம் வேறு வழியில் போகிறது. தமிழ்நாட்டில் சிறு குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். சிறு குறு என்று காட்ட தாசில்தாரிடம் சான்று வாங்க வேண்டும், ஐந்து ஏக்கருக்குள் இருக்க வேண்டும். மானியப் பணம் விவசாயி கைக்கு வருவதில்லை, குழாய் போட்ட கம்பெனிக்குப் போகிறது. எவ்வளவு போனது என்று விவசாயிக்கே பல நேரம் தெரியாது, போட்டோ எடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு மாட்டுக் கொட்டகையில் கறுப்புக் குழாய்ச் சுருள்கள் பிரிக்காமலே அடுக்கிக் கிடக்கின்றன, மேலே வைக்கோல் போட்டிருக்கிறது, கோழி முட்டையிடுகிறது. அந்த வீட்டுக்காரரைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை, அவருக்கு மோட்டார் ஓடுகிற அளவுக்குக் கிணற்றில் தண்ணீர் இல்லை. ஆனால் அந்தச் சுருளுக்காக யாருக்கு எவ்வளவு போனது என்று அந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது என்பது தவறு. பெயர், பரப்பு, கம்பெனி, தொகை என்று ஒரு வரி போட்டால் அடுத்த விவசாயி குழாய் போடும்போது கம்பெனியிடம் தைரியமாகக் கேள்வி கேட்பார்.

கடன் தள்ளுபடியும் அப்படித்தான். 2021 பிப்ரவரியில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்வதாக அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சட்டமன்றத்தில் அறிவித்தார், 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளுக்கு. சராசரி போட்டால் ஒருவருக்கு 73,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. சராசரிதான், அதற்குள் ஐந்தாயிரமும் இருக்கும், லட்சங்களும் இருக்கும். சங்கத்தில் யார் உறுப்பினர், யார் பேரில் எவ்வளவு கடன் என்பது உறுப்பினர்களுக்கே தெரியாவிட்டால் அது எப்படிக் கூட்டுறவு ஆகும்? 2008-ல் மத்திய அரசு செய்த தள்ளுபடியைக் கணக்குத் தணிக்கைத் துறை ஆராய்ந்து 2013-ல் அறிக்கை கொடுத்தது. சோதித்த கணக்குகளில், தள்ளுபடி பெற்றவர்களில் 8.5 சதவீதம் பேர் தகுதியே இல்லாதவர்கள். தள்ளுபடி கிடைக்காத கணக்குகளில், தகுதி இருந்தும் வங்கி பட்டியலில் சேர்க்காமல் விட்டவை 13 சதவீதத்துக்கு மேல். இந்த இரண்டாவது எண்ணைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பட்டியலை வெளியிடச் சொன்னால் உடனே திருடனைப் பிடிக்க என்று எடுத்துக்கொள்கிறார்கள். விடுபட்டவர், தான் விடுபட்டது தெரிந்துகொள்ளவும் பட்டியல்தான் வழி. பக்கத்து வயல்காரர் பெயர் இருக்கிறது, என் பெயர் ஏன் இல்லை என்று கேட்க முதலில் அவர் பெயர் இருப்பது தெரிய வேண்டுமே.

மத்திய அரசின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பி.எம். கிசானில் நாடு முழுக்கத் தகுதியில்லாத 20 லட்சத்து 48 ஆயிரம் பேருக்கு 1,364 கோடி ரூபாய் போயிருக்கிறது, அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வருமான வரி கட்டுகிறவர்கள் என்பது 2021 தொடக்கத்தில் தெரிய வந்தது. அரசு தானாகச் சொல்லவில்லை. ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுத்தான் வந்தது.

வெளிநாடுகளில் இந்தச் சண்டை நமக்கு முன்பே நடந்து முடிந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விவசாய மானியம் வாங்குகிறவர்கள் பெயரையும் தொகையையும் இணையத்தில் போட ஆரம்பித்தபோது, ஜெர்மனியில் இருந்து வழக்குப் போனது. 2010 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், தனிமனிதர்கள் பெயரைச் சின்னத் தொகை பெரிய தொகை என்று பார்க்காமல் மொத்தமாகப் போடுவது சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதோடு மூடிவிடவில்லை. 2013-ல் புதிய விதி எழுதினார்கள். வருஷத்துக்கு 1,250 யூரோ வரைக்கும் வாங்குகிற சின்ன விவசாயி பெயரை மறைத்து, அதற்கு மேல் வாங்குகிறவர்கள் பெயரையும் தொகையையும் வெளியிடும்படி வைத்தார்கள். அமெரிக்காவிலோ ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு 1995-ல் இருந்து யாருக்கு எவ்வளவு மானியம் போனது என்று பெயரோடு தேடிப் பார்க்கும்படி வைத்திருக்கிறது, அரசிடம் வாங்கிய தகவல்தான்.

ஐரோப்பாவின் அந்த வரம்பை இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. 1,250 யூரோ என்றால் நம் பணத்தில் ஒரு லட்சத்துக்கும் மேல், அந்தக் கணக்கில் எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மேல் மறைந்துவிடுவார்கள், 2020 மோசடி மாதிரி ஒன்று திரும்ப நடந்தால் அதுவும் மறைந்துவிடும், ஏனென்றால் அது முழுக்க முழுக்க இரண்டாயிரம் இரண்டாயிரமாகத்தான் நடந்தது. எனக்குத் தோன்றுவது வேறு. முழு விவரத்தை ஊர்ச் சுவரில் ஒட்டுங்கள். இணையத்தில் ஊர்வாரியாகத் தொகையையும் பயனாளிகள் எண்ணிக்கையையும் போடுங்கள், பெரிய தொகைக்கு மட்டும் பெயரோடு போடுங்கள். எங்கேயோ உட்கார்ந்து கடன் ஆப் நடத்துகிறவன் எங்கள் ஊர் விதவைக்கு எந்த மாதம் பணம் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமில்லை. பக்கத்துத் தெருக்காரர் தெரிந்துகொள்ளலாம், அவருக்கு ஏற்கெனவே தெரியும். நிலம் யாருடையது என்பதே ரகசியம் கிடையாது, பட்டா சிட்டாவை அரசின் "எங்கிருந்தும் எந்நேரமும்" சேவையில் விவரம் தெரிந்த யாரும் எடுத்துப் பார்க்கலாம். நிலம் வெளிப்படையாக இருக்கும்போது அந்த நிலத்தைக் காட்டி வாங்கிய மானியம் மட்டும் ஏன் மூடி இருக்க வேண்டும்?

ராஜஸ்தானில் 2019 செப்டம்பரில் ஜன் சூச்னா என்று ஒரு தளம் தொடங்கினார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் அதே 4-வது பிரிவை நிறைவேற்றத்தான். ரேஷன், பென்ஷன், விவசாயக் கடன் தள்ளுபடி எல்லாம் ஊர்வாரியாகப் பார்க்கலாம். அங்கே 1994-லேயே கிராமத்துக் கூலிக்காரர்கள் ஊர் நடுவே கூட்டம் போட்டு, வருகைப் பதிவேட்டைச் சத்தமாக வாசித்து, செத்தவர் பெயரில் கூலி எழுதியதை எல்லோர் முன்னாலும் காட்டினார்கள். நம்மிடம் அதற்கு மேல் வசதி இருக்கிறது. வருஷத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது. அதில் வரவு செலவு வாசிக்கிறார்கள், குடிநீர், டெங்கு, பிளாஸ்டிக் பற்றித் தீர்மானம் போடுகிறார்கள். வேளாண் துறையில் இருந்து ஒருவர் வந்து திட்டங்களின் பெயர்களையும் சொல்லிவிட்டுப் போகிறார். திட்டத்தின் பெயரைச் சொல்கிறவர் வாங்கியவர்களின் பெயரையும் வாசிக்கலாம்.

குத்தகை விவசாயிகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் எழுதி என்ன பயன். பி.எம். கிசான் பட்டாதாரருக்குத்தான், உழுகிறவருக்கு இல்லை. கோயில் நிலம், மடத்து நிலம், சென்னையில் செட்டில் ஆனவர் நிலம் என்று பிடித்துப் பயிர் வைக்கிறவர்களுக்கு ஒரு ரூபாய் கிடையாது. வறட்சி நிவாரணம், வெள்ள நிவாரணம் அடங்கலை, அதாவது எந்த வயலில் யார் என்ன பயிர் வைத்தார் என்கிற கிராமக் கணக்கை வைத்துக் கொடுக்க வேண்டியது, அதிலும் யார் பெயரை எழுதினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டெல்டாவில் இதற்காக வருஷா வருஷம் சண்டை நடக்கிறது. நிவாரணப் பட்டியலைச் சுவரில் ஒட்டினால், வெள்ளத்தில் பயிரைப் பறிகொடுத்தவர் ஒருவர், பணம் வாங்கியவர் இன்னொருவர் என்பது எழுத்தில் தெரிந்துவிடும். அதை வைத்து அவர் மேல்முறையீடு செய்யலாம். வாய் வார்த்தையாகப் போய்ச் சொன்னால் வி.ஏ.ஓ. அலுவலகத்தில் யாரும் காது கொடுப்பதில்லை.

எல்லா விவசாயிகளுக்கும் தனித்துவ அடையாள எண் கொடுக்க 2025-ல் முகாம் போட்டார்கள். நிலம், ஆதார், செல்போன் எல்லாம் ஒரே இடத்தில் சேரப் போகிறது. இனிமேல் எங்கள் விவரம் முழுக்க அரசுக்குத் தெரியும். அரசு எங்கள் பேரில் என்ன செலவு செய்தது என்பது எங்களுக்கும் தெரிய வேண்டும். கணினியில் எல்லாம் இருக்கும்போது ஊர்வாரியாக ஒரு பட்டியலை அச்செடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்?

தாளில் இவை இருந்தால் போதும்: பெயர், அப்பா அல்லது கணவர் பெயர், நிலப் பரப்பு, திட்டம், தொகை, தேதி. தமிழில் இருக்க வேண்டும். ஆதார் எண், செல் நம்பர், வங்கிக் கணக்கு எண் கண்டிப்பாக வேண்டாம். பஞ்சாயத்து அலுவலகம், ரேஷன் கடை, கூட்டுறவுச் சங்கம் மூன்று இடத்திலும் ஒட்ட வேண்டும், ஏனென்றால் பஞ்சாயத்து அலுவலகம் பாதி நாள் பூட்டிக் கிடக்கிறது, ரேஷன் கடைக்குத்தான் பெண்கள் வருவார்கள்.

அதோடு இன்னொரு பட்டியலும் வேண்டும், யாருக்கு நிறுத்தினார்கள், என்ன காரணம் என்று. 2022-க்குப் பிறகு இ-கே.ஒய்.சி. என்கிற ஆதார் வழி ஆள் சரிபார்ப்பை முடிக்கவில்லை, நில விவரம் இணைக்கவில்லை, ஆதார் வங்கியில் சேரவில்லை என்று நிறையப் பேருக்குப் பணம் நின்றுபோனது. எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார், கணவர் இறந்துவிட்டார், பட்டா இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. பணம் ஏன் வரவில்லை என்று வட்டார அலுவலகத்துக்கும் வங்கிக்கும் இ-சேவை மையத்துக்கும் அலைந்துகொண்டே இருந்தார். ஒவ்வொரு இடத்திலும் அடுத்த இடத்தைக் கை காட்டினார்கள். வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாற்ற வேண்டும் என்ற ஒரு வரியை அவர் பெயருக்கு நேரே எழுதி ஒட்டியிருந்தால் பேரன் படித்துச் சொல்லியிருப்பான்.

மாவட்ட ஆட்சியர்கள் நினைத்தால் இதற்கெனத் தனிச் சட்டம்கூடத் தேவையில்லை. ஒவ்வொரு கிராம சபைக்கும் ஒரு வாரம் முன்பு இரண்டு பட்டியலையும் ஒட்டச் சொல்லி உத்தரவு போடட்டும். கூட்டத்தில் கேட்க வேண்டியதை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு கரும்பு விவசாயி,
சங்கராபுரம் வட்டம், கள்ளக்குறிச்சி மாவட்டம்.